லைசென் தின்ற காளை

ஏழாங்கட்டைத் தோட்டத்துப் பாப்பாவின் காளை அளந்தால் நான்கு விரல் வளரும், அளக்காவிட்டால் வளராது. பீடோர் சந்தையில் கங்கோங் கீரை கட்டு என்ன விலை என்று கேட்டால் எந்தக் குரலில் பதில் வருமோ, அதே குரலில்தான் அந்தப் பக்கத்தில் இதையும் சொல்வார்கள். நம்பாதவர்கள் நாடாவும் கையுமாக வந்தார்கள், அளந்தார்கள், நம்பிவிட்டுப் போனார்கள். அப்படி நம்பாமல் வந்தவர்கள் புண்ணியத்தில்தான் அது அந்த உயரத்துக்கு வந்தது.

பாப்பாவுக்கு வயது ஐம்பத்திரண்டு. பிறந்தபோது கூப்பிட்ட பெயர் அப்படியே நின்றுவிட்டது. ஆள் வளர்ந்தாள், பெயர் வளரவில்லை. தோட்டத்தில் ரப்பர் மரங்களை வெட்டி எண்ணெய்க்குச் செம்பனை நட்ட பிறகு, தொழிலாளிகள் இருந்த லயத்து வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகி இரண்டே மிஞ்சின. ஒன்றில் பாப்பா இருந்தாள், மற்றொன்று அவளுடைய மாடுகளுக்குக் கொட்டகை ஆயிற்று. புருஷன் இராமசாமிக்கு ஈப்போவில் வாசற்காவல் நிற்கும் ஜாகா வேலை, ஞாயிற்றுக்கிழமை வந்து திங்கட்கிழமை போய்விடுவான். பதினொரு மாடுகளும் கறிக்கு வளர்ப்பவை. பாப்பா மாட்டுக்கறி தொடமாட்டாள். வாங்குகிறவர்களைக் குறை சொல்லவும் மாட்டாள். ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்திருந்தாள்: விற்கிற மாட்டுக்குப் பேர் வைப்பதில்லை. பேர் வைத்துவிட்டால் பிறகு கயிற்றை இன்னொருவன் கையில் கொடுக்க மனசு வராது. ஆகவே காதறுந்தது, வெள்ளைவால், பெரிய செவலை, சின்ன செவலை என்று அடையாளம் மட்டும் சொல்வாள். அவளுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது ஒன்றுதான், அந்தப் பதினொன்றோடு அங்கேயே இருப்பது. பீடோர் அடுக்குமாடியில் நாலாவது மாடியில் ஒரு வீடு கிடைக்கும் என்றார்கள். நாலாவது மாடிக்கு மாடு ஏறாது என்று சொல்லி அந்தப் பேச்சை முடித்துவிட்டாள்.

தோட்டத்தைப் புதிதாக வாங்கிய கம்பெனி கோகிலன் என்ற துணை நிர்வாகியை அனுப்பியது. முப்பது வயது, ஈப்போக்காரர், கெட்டிக்காரர், கெட்டவர் இல்லை. இடுப்பில் எப்போதும் ஓர் அளவு நாடா தொங்கும். வாய்க்காலை அளப்பார், மரத்துக்கு மரம் இடைவெளியை அளப்பார், கோயில் வாசற்படியைக்கூட ஒரு தடவை அளந்து குறித்துக்கொண்டார். தீபாவளி கழிந்த வாரம் அவர் பாப்பாவின் வாசலில் வந்து நின்று, "லைசென் இல்லாத மாட்ட இங்க வச்சிருக்க முடியாதுக்கா. கொம்பெனி ரூல்ஸ்லா. இல்லாட்டி லோரி வரும், ஏத்திட்டுப் போயிருவாங்க," என்றார். அன்றிலிருந்து பாப்பாவின் காதில் அந்த ஒரு சொல் வண்டாகக் குடைந்துகொண்டே இருந்தது. சோறு வடிக்கும்போதும் லைசென், சாணி அள்ளும்போதும் லைசென்.

இந்த நிலைமையில்தான் தனேஸ்வரன் மோட்டார் சைக்கிளில் வந்து சேர்ந்தான். தாப்பாவில் ஒரு தீவனக் கடையில் அவனுக்கு வேலை; தோட்டம் தோட்டமாகப் போய் மாட்டுக்குச் சத்துப் பொடி விற்பான். மாடுகளை ஒரு சுற்று சுற்றிப் பார்த்தான். எலும்பை எண்ணிவிடலாம் போல நின்ற சின்ன செவலைக் கன்றின் முதுகைத் தடவிவிட்டு, "அக்கா, மாட்டுக்கு லைசின் பத்தல," என்றான். லைசின் என்றால் என்னவென்றும் விளக்கமாகவே சொன்னான். உடம்பில் சதை என்பது சுவர் கட்டுகிற மாதிரி. இருபது வகைக் கல் வேண்டும், அவற்றுக்கு அமினோ அமிலம் என்று பேர். ஒரு வகை குறைந்தாலும் மற்ற பத்தொன்பதும் குவிந்து கிடக்க, மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். செம்பனை நிழல் புல்லில் குறைகிற கல் லைசின். வளர்ச்சி ஹார்மோன் ஊசி ஒன்றும் உண்டு, அது மேஸ்திரியை விரட்டுகிற ஊசி. கல் இல்லாமல் மேஸ்திரியை விரட்டி என்ன பயன்? பாப்பா தலையாட்டிக்கொண்டே கேட்டாள். அவள் காதில் விழுந்தது லைசென் பத்தல என்பதுதான். கல் குறைந்தால் வேலை நடக்காது, மேஸ்திரி கையைக் கட்டிக்கொண்டு உட்காருவான் என்பதெல்லாம் அரசாங்க அலுவலகத்தைப் பற்றிச் சொல்கிறான் என்று எடுத்துக்கொண்டாள். அதற்கும் அது பொருத்தமாகத்தான் இருந்தது.

மறுநாளே பஸ் ஏறினாள். அவள் போன அலுவலகத்தில் மாட்டுக்கென்று விண்ணப்ப பாரம் இல்லை, நாய்க்கு மட்டும்தான் இருந்தது. கவுண்டரில் இருந்த மலாய்க்காரப் பெண் நல்ல மனசுக்காரி; வந்தவளை வெறுங்கையோடு அனுப்ப விரும்பாமல் நாய் பாரத்தை எடுத்து, நாய் என்ற சொல்லைக் கோடு போட்டு அடித்து, மேலே மாடு என்று எழுதினாள். பெயரைக் கேட்டதற்குப் பாப்பா என்றதும், மலாய்க் காதுக்கு அது அப்பா என்று கேட்க, அப்பா பெயரைக் கேட்கவில்லை, உன் பெயரைச் சொல் என்று மலாயில் இரண்டு தடவை திருத்தினாள். எத்தனை என்றதற்குப் பாப்பா பதினொன்று என்றாள். இடம் ஏழாங்கட்டை. எடை என்று ஒரு கட்டம் இருந்தது. இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது என்றாள் பாப்பா. அப்படியானால் காலியாகவே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, ஊதா மையில் முத்திரையை ஓங்கிக் குத்திக் கொடுத்தாள் அந்தப் பெண். திரும்பி வரும் பஸ்ஸில் பாப்பா அந்தக் காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் யார் உட்கார்ந்தாலும் காட்டிக்கொண்டே வந்தாள்.

அடுத்த வாரம் தனேஸ்வரன் வந்தான்.

"லைசின் குடுத்தீங்களாக்கா?"

"வாங்கிட்டேன் தம்பி. ரெண்டு பஸ்ஸு மாறிப் போயி வாங்கியாந்தேன்."

"வாங்கிச் சும்மா வச்சா ஆச்சா? மாட்டுக்குக் குடுக்கணும்லா."

பாப்பா யோசித்தாள். சர்க்கார் நடைமுறையில் இப்படியும் ஒன்று இருக்கும் போலிருக்கிறது என்று உள்ளே போய் லைசென்ஸை எடுத்து வந்து, பயபக்தியோடு சின்ன செவலையின் முகத்துக்கு நேரே நீட்டினாள். அது முகர்ந்து பார்த்தது. பிறகு நாக்கை நீட்டிக் காகிதத்தைச் சுருட்டி, முத்திரையோடு மென்று விழுங்கிவிட்டு, இன்னொன்று இருக்கிறதா என்று பார்த்தது.

நடந்தது என்னவென்று இருவருக்கும் விளங்க ஐந்து நிமிடம் பிடித்தது. பாப்பா அழுதாள். தனேஸ்வரனுக்குச் சிரிப்பும் குற்ற உணர்ச்சியும் ஒன்றாக வந்தன. பரிகாரமாக, கடையில் மாதிரிக்கென்று வந்திருந்த லைசின் மூட்டையைக் கொண்டுவந்து இறக்கினான். மாட்டு டாக்டரையும் அழைத்து வந்து பதினொன்றுக்கும் காதடியில் ஊசி போடவைத்தான். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பதால், போடுமுன் ஒவ்வொன்றின் நெஞ்சையும் சுற்றி நாடா பிடித்தார்கள். சுற்றளவுக்கு எதிரே எடை அச்சடித்த நாடா. சின்ன செவலைக்கு மட்டும் ஒரு தடவை ஓர் எடையும் மறு தடவை வேறு எடையும் காட்டியது. மட்டமான நாடா என்று தனேஸ்வரன் அதைத் திட்டினான். பொடி தின்ற மாடுகள் இரண்டு மாதத்தில் தோல் மினுங்க, தொடை திரண்டு, பார்க்கிறவர் கண் நிற்கும்படி ஆயின. அதில் அதிசயம் ஒன்றும் இல்லை, மூட்டையிலேயே அப்படித்தான் எழுதியிருந்தது. சின்ன செவலை விஷயம் வேறு. பொடியா, ஊசியா, காகிதமா என்று தாப்பா கடைத்தெருவில் இன்றைக்கும் வாதம் நடக்கிறது. பொடியும் ஊசியும் பதினொன்றுக்கும் போயின, காகிதம் ஒன்றுக்குத்தான் போயிற்று. இதற்கு மேல் சொல்ல என்ன இருக்கிறது?

விஷயம் வெளியானது மாட்டுப் பொங்கலன்று. பாப்பா மலையிலிருந்து இறங்கிய செவ்வந்தி வாங்கி, ஒவ்வொரு மாட்டின் கழுத்தையும் முழம் போட்டு அளந்து மாலை கட்டினாள். பத்து மாலையும் பொருந்தின. சின்ன செவலையின் மாலை நான்கு விரல் குறைந்தது. மறுபடி அளந்து நீட்டிக் கட்டினாள்; மறுபடி நான்கு விரல் குறைந்தது. மூன்றாவது தடவை அளந்தபோது, தன் கைக்கு அடியிலேயே கழுத்து மெல்ல நகர்ந்து விரிவதை உணர்ந்தாள். குழந்தையைத் தாண்டினால் வளராது என்று கேள்விப்பட்டிருக்கிறாள், அளந்தால் வளரும் என்று அவள் கேட்டதில்லை. காளை பாட்டுக்கு அவளுடைய பூவைத் தின்றுகொண்டிருந்தது. அன்று சாயங்காலம் பாப்பா அதன் கழுத்தில் மீதிப் பூவை வெறுமனே தூவிவிட்டு, இனி இதன்மேல் முழம் போடமாட்டேன் என்று சாமிக்கு முன்னால் சொல்லிவைத்தாள்.

அவள் போடாவிட்டால் என்ன, ஊர் போட்டது. முதலில் பீடோரிலிருந்து, பிறகு தாப்பாவிலிருந்து, அப்புறம் ஈப்போவிலிருந்து வண்டி வண்டியாக வந்தார்கள். தையல்காரர் நாடா, தச்சர் நாடா, கயிறு, குடை, எல்லாம் வந்தன. ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் அறுபத்திரண்டு பேர் அளந்தார்கள். வீட்டுக்கு வந்த இராமசாமி அடையாளம் தெரியாமல் அடுத்த தோட்டத்துக்கு வந்துவிட்டோமோ என்று திரும்பிப் பார்த்தான். ஏதோ ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து மூன்று பேர் மூன்று நாள் தங்கி அளந்ததில் காளை கொட்டகையைத் தலையில் தூக்கிக்கொண்டு வெளியே வந்தது. கொட்டகைக் கூரை ஒரு வாரம் அதன் கொம்பில் தொப்பி மாதிரி இருந்தது. எவ்வளவு தின்னும் என்று யாரும் நிறுத்துப் பார்க்கவில்லை, நிறுத்தால் அதுவும் கூடிவிடும் என்ற பயம்தான். வெட்டிப் போட்ட பனைமட்டைகளைத் தின்றது, யாரையும் முட்டவில்லை, ஈயை விரட்டக் காதை அசைத்தால் பக்கத்து வரிசைச் செம்பனைகள் ஆடின. லைசென் தின்ற மாடு எங்கே என்று கேட்டுக் கேட்டு, கடைசியில் லைசென் எங்கே என்று கேட்க ஆரம்பித்தார்கள். பாப்பா வைக்காமலே அதற்குப் பேர் விழுந்துவிட்டது.

புந்தோங்கில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் மீரா சாஹிப் பதினான்கு வருடமாக ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பாப்பாவிடம்தான் மாடு வாங்குகிறார். எல்லோருக்கும் அவர் நானா. ஏழு பேர் பங்கு போட்டுக் குர்பான் கொடுப்பார்கள். அவரும் வந்தார், ஊசியில் என்ன கலந்திருக்கிறது, போட்டு எத்தனை நாளாயிற்று என்று தனேஸ்வரனை அரைமணி நேரம் விசாரித்தார், பிறகு பழக்கதோஷத்தில் காளையை அளந்தார். ஏழு பங்கு அவர் கண்ணெதிரே எட்டாயிற்று. நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார்.

"இதுக்கு என்ன பேரு தங்கச்சி?"

"நான் வைக்கல நானா. ஊருலதான் லைசென்னு கூப்பிடுறாங்க."

"அப்ப இத நான் கேக்க மாட்டேன். பேரு உள்ள மாட்ட நீங்க குடுத்ததும் இல்ல, நான் வாங்குனதும் இல்ல. வெள்ளைவாலயும் பெரிய செவலையையும் எனக்கு வைங்க, ரெண்டும் நல்லாத் தேறியிருக்கு."

கோகிலன் இதையெல்லாம் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். லைசென்ஸ் எங்கே என்று கேட்டதற்குப் பாப்பா காளையின் வயிற்றைக் காட்டி, "உள்ள இருக்கு," என்றாள். அவர் அலுவலகத்துக்குப் போன் போட்டார். நகல் பத்திரமாக இருக்கிறது, பதினொரு மாடு, இடம் ஏழாங்கட்டை, எல்லாம் சரி என்றது அங்கிருந்து வந்த குரல். ஆனால் ஒன்று: மாடு எங்கே இருக்கிறதோ அங்கேதான் அசலும் இருக்க வேண்டும், நகல் செல்லாது. போனை வைத்த கோகிலனின் முகம் மலர்ந்தது. அசல் காளைக்குள் இருக்கிறது. காளையை ஏற்றிக்கொண்டு போய்விட்டால் அசலும் கூடவே போய்விடும். மீதி மாடுகளுக்கு லைசென்ஸ் இல்லை. மறுநாளே மீதியையும் ஏற்றிவிடலாம். பனை வேர் நசுங்குகிறது என்று காரணம் எழுதி, வடக்கே வேறொரு பண்ணைக்குக் காளையை மாற்ற உத்தரவு வாங்கினார். பாப்பாவுக்குக் கடிதம் வந்த அன்று அவளால் சாப்பிட முடியவில்லை. ஒரு மாடு போவதல்ல விஷயம், அது போனால் தானும் போகவேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

கோகிலன் காளையை அளந்து, அளவுக்குத் தகுந்த லாரிக்குச் சொல்லியனுப்பினார். லாரி வந்தது, நான்கு விரல் சிறியது. மறுபடி அளந்தார், அதைவிடப் பெரிய லாரி வந்தது, அதுவும் நான்கு விரல் சிறியது. இப்படி ஐந்து லாரி வந்து திரும்பின. லாரிக்காரர்கள் அந்தப் பக்கம் வருவதற்கே வெட்கப்பட்டார்கள். ஐந்தாவது லாரி போன பிறகு கோகிலன் பங்களாவில் உட்கார்ந்து யோசித்தார். கெட்டிக்காரர் என்று முன்பே சொன்னேன். இடுப்பு நாடாவைக் கழற்றி மேசை டிராயரில் வைத்துப் பூட்டினார். அளக்காமலே, மண்வாரி இயந்திரங்களை ஏற்றிப்போகும் பதினாறு சக்கர லாரியை ஈப்போவிலிருந்து வரவழைத்தார்.

அது வந்தது பெருநாளுக்கு ஆறு நாள் முன்னால், ஒரு காலை வேளையில். வெள்ளைவாலையும் பெரிய செவலையையும் பிடித்துப்போக மீரா சாஹிப் தம் ஆறு பங்காளிகளோடு வந்திருந்தார். லைசென்னை வழியனுப்ப என்று பீடோரிலிருந்தும் கூட்டம். யாரும் அளக்கக் கூடாது, கண்ணால்கூட அளக்கக் கூடாது என்று கோகிலன் எச்சரித்தார். புல்லுக்கட்டைக் காட்டியதும் லைசென் ஒரு வம்பும் செய்யாமல் பலகையில் ஏறி லாரியில் நின்றது. பத்து விரல் இடம் மிச்சம் இருந்தது. டிரைவர் லியோங் என்ற சீனர், இஞ்சினை முடுக்கினார்.

பாப்பா வாசலில் நின்று பார்த்தாள். சாமிக்குச் சொன்ன வார்த்தை ஞாபகம் வந்தது. சாமி மன்னிக்கட்டும் என்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு ஓடினாள். லாரிமேல் தொற்றி ஏறி, காளையின் பின்னங்காலில் முழங்கையை வைத்தாள். ஒரு முழம், இரண்டு முழம், மூன்று முழம். காளை நான்கு விரல் வளர்ந்தது. இடுப்பை அளந்தாள், இன்னொரு நான்கு விரல். லாரியோ நகரத் தொடங்கிவிட்டது. அவள் திரும்பிக் கூட்டத்தைப் பார்த்தாள். மூச்சு வாங்கியதால் குரல்கூடப் பெரிதாக வரவில்லை.

"சும்மா நின்னு பாத்துக்கிட்டு இருக்கீங்களேலா. வந்து அளங்க."

அப்புறம் நடந்ததை எப்படிச் சொல்வது? கூட்டம் மொத்தமும் லாரிமேல் விழுந்தது. பெண்கள் சேலைத் தலைப்பால் அளந்தார்கள், பங்காளிகள் இடுப்பு வாரைக் கழற்றி அளந்தார்கள், குலை வெட்டும் வங்காளதேசத்துத் தொழிலாளிகள் நீட்டுக் கம்போடு வந்து திமிலை அளந்தார்கள். தனேஸ்வரன் மட்டமான நாடா என்று தான் திட்டிய அதே நாடாவோடு வயிற்றுக்கடியில் புகுந்தான். மீரா சாஹிப், எழுபது வயதில், சாண் போட்டு வாலை அளந்துகொண்டே போனார். நான்கு விரல், நான்கு விரல், நான்கு விரல் என்று காளை மேலே போய்க்கொண்டே இருந்தது. லாரி முனகியது, கம்பிகள் தெறித்தன. லியோங் இஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கி வந்து, முப்பது வருடம் வண்டி ஓட்டியும் இப்படி ஒரு சரக்கைப் பார்த்ததில்லை என்று தானும் குளம்பைக் காலடியால் அளந்து பார்த்தார். அப்படியும் லாரி தாங்கியது. தயாரித்தவர்கள் நன்றாகத்தான் தயாரித்திருந்தார்கள். கோகிலன், "அளக்காதீங்க, அளக்காதீங்க," என்று சுற்றிச் சுற்றி ஓடினார். அவர் கை பழக்கத்தில் இடுப்புக்குப் போயிற்று, நாடா இல்லை. பாவம், மனுஷனால் தாங்க முடியவில்லை. சற்றுத் தள்ளிப் போய் நின்று, ஒரு கண்ணை மூடி, கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் விரித்து, விரல் இடுக்கில் காளையை வைத்துப் பார்த்தார். அந்தக் கடைசி நான்கு விரலில் பதினாறு சக்கரமும் ஒன்றன்பின் ஒன்றாக வெடித்தன. லாரி அச்சுவரை மண்ணில் இறங்கியது. லைசென் அதன் மேலிருந்து, வாசற்படி இறங்குவது போல இறங்கி, தான் வழக்கமாக நிற்கும் இடத்துக்கு நடந்துபோய் நின்றது. கூட்டம் போட்ட சத்தம் பெருஞ்சாலை வரை கேட்டதாம். பாப்பா மண்ணில் உட்கார்ந்து, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாமல் முகத்தை மூடிக்கொண்டாள்.

அதன் பிறகு அதை அசைக்க ஒருவரும் முயலவில்லை. இரண்டு மாடு பெருநாளுக்குப் போயின, மீதி எட்டும் லைசென்னின் நிழலில் மேய்ந்தன. நிழல் மூன்று வரிசைச் செம்பனையை மூடியது. அந்த வரிசைகளில் வெயில் குறைந்தும் சாணியின் பலத்தில் குலை பெருத்தது. கம்பெனியின் புதிய வரைபடத்தில் ஆற்றுக்கு நீலம், பாதைக்குச் சிவப்பு, பதினான்காம் பிளாக்குக்கும் பதினைந்துக்கும் நடுவே பழுப்பு நிறத்தில் ஒரு வட்டம், பக்கத்தில் மாடு என்று எழுத்து. அளவு போடவில்லை. டிசம்பரில் பாப்பா லைசென்ஸைப் புதுப்பிக்கப் போனபோது அதே மலாய்ப் பெண்தான் இருந்தாள். எடை என்ற கட்டத்தை அவளாகவே காலியாக விட்டுவிட்டு, இதையும் மாட்டுக்குக் கொடுத்துவிடாதே என்று சொல்லி முத்திரை குத்தினாள்.

மறுபடி மாட்டுப் பொங்கல் வந்தது. தாப்பா வழியாக மூன்று வேன் செவ்வந்தி இறங்கியது. பாப்பாவின் வீட்டு முன்னால் பாய் விரித்து, பீடோர்க்காரர்களும் புந்தோங்கிலிருந்து வந்தவர்களும் விடியற்காலையிலிருந்து பூ கட்டினார்கள். தனேஸ்வரன் நார் கிழித்துக் கொடுத்தான், மீரா சாஹிப் கடையிலிருந்து எல்லோருக்கும் தேத்தண்ணீர் வந்தது. கோகிலனும் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்தார்.

"எத்தன மொழம் வேணும்க்கா?"

எல்லோருடைய கையும் நின்றது. எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு, குனிந்து, பூவை எடுத்துக் கட்டத் தொடங்கினார். யாரும் எண்ணவில்லை. போதும் என்று பாப்பா சொன்னபோது கட்டுவதை நிறுத்தினார்கள். நாற்பது பேர் மாலையைத் தோளில் சுமந்துகொண்டு போக, லைசென் தலையைத் தாழ்த்திக் கொடுத்தது.

மாலை சரியாக இருந்தது.